தள்ளி நில்லு மச்சான்

சித்தப்பா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார். அவன் பின்னால் நகர்ந்தான். அவர் இன்னும் நெருங்கினார். அவன் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து இருவருக்கும் நடுவில் போட்டான்.

"தொடாதீங்க."

விரிந்த கைகள் அப்படியே நின்றன. மனைவியின் சித்தப்பா. செய்தி கிடைத்ததும் கட்டியிருந்த உடையோடு பஸ் ஏறியவர். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கடைசியில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க, அதிர்ச்சியில இருக்கான்," என்றது ஒரு குரல்.

"அதிர்ச்சின்னா இப்படியா? காலையிலேர்ந்து யாரையும் கிட்ட சேர்க்கல. பெத்த அப்பன் மாதிரி மனுசன், அவரையே விரட்டுறான்."

அவன் காதில் விழட்டும் என்றுதான் சொன்னார்கள். விழுந்தது. சுற்றுச்சுவரை ஒட்டி, கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முகக்கவசம். மாமனார் வீட்டுக் கூடத்தின் ஜன்னல் திறந்திருந்தது. அதன் வழியாக மனைவியின் பாதங்கள் தெரிந்தன. மற்றதெல்லாம் உட்கார்ந்திருந்தவர்களின் தலைகளுக்குப் பின்னால் இருந்தது.

மகளைச் சேர்த்திருந்த வார்டின் சிஸ்டர் போட்ட நிபந்தனைகள் அவை. திறந்த வெளியில் நிற்கலாம். கூட்டத்துக்குள் போகக் கூடாது. யாரும் தொடக் கூடாது. "ஒருத்தர் தொட்டாலும் எங்கிட்ட வந்து உண்மையைச் சொல்லிடணும். சொன்னா உள்ள விடமாட்டேன். அது தெரிஞ்சும் சொல்லணும்," என்றாள். முதலில் போகவே கூடாது என்றுதான் சொன்னாள். "செத்தது என் பெண்டாட்டி, சிஸ்டர்," என்றான். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, இந்த நிபந்தனைகளைச் சொன்னாள்.

மகளுக்கு ஆறு வயது. ரத்தப் புற்று. அவள் உடம்பிலிருந்த பழைய ரத்த அணுக்களையெல்லாம் மருந்தால் துடைத்துவிட்டு அம்மாவின் ஸ்டெம் செல்களைச் செலுத்தியிருந்தார்கள். அவை வேர்பிடித்துவிட்டன. வளர்ந்து ஆளாவதற்குள் ஒரு வைரஸ் புகுந்துவிட்டது. பெரியவர்களுக்கு வெறும் சளியாக வந்து போகிற வைரஸ். மகளுக்குச் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கொடுத்த மருந்து வைரஸை அடித்த அளவுக்குச் சிறுநீரகத்தையும் அடித்தது. நேற்று அந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். இப்போது வைரஸைத் தடுக்க அவளிடம் ஒன்றுமில்லை.

ஒரு வழி இருந்தது. அம்மாவின் ரத்தத்தில், அதே வைரஸை முன்பே பார்த்து அதோடு மல்லுக்கட்டி ஜெயித்த செல்கள் இருக்கும். அவற்றைத் தனியாகப் பிரித்து, ஆய்வகத்தில் பெருக்கி, மகளுக்கு ஏற்றுவது. ரத்தம் கொடுத்துவிட்டு வந்த அன்று மனைவி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, முஷ்டியை உயர்த்திக் காட்டினாள். "முதலாளி! நம்ம ஆளுங்களை அனுப்பி வச்சிருக்கேன். வந்து அடிச்சு நொறுக்குவாங்க." மகளை அவள் முதலாளி என்றுதான் கூப்பிடுவாள். வார்டில் எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது.

செல்கள் ஆய்வகத்தில் பெருகிக்கொண்டிருந்தபோது அவள் செத்துப்போனாள்.

அறைக்குள் ஒருவர்தான் இருக்கலாம். வாரம் மாறி வாரம் இருவரும் மாறிக்கொள்வார்கள். அது அவனுடைய வாரம். அவள் வேலைக்குப் போயிருந்தாள். போன் வந்தபோது மகள் கட்டிலில் படம் வரைந்துகொண்டிருந்தாள். யாருப்பா போன்ல என்று கேட்டாள். அவன் சொன்னான். அம்மா செத்துட்டாங்கன்னு சொல்றாங்க. அந்த வார்த்தையிலேயே சொன்னான். வேறு வார்த்தை கிடைக்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரி, போலீஸ், கையெழுத்து என்று அவன் வெளியே வர வேண்டியதாயிற்று.

சொன்னதற்கும் திட்டு விழுந்தது. "பச்சைப் புள்ளைகிட்ட யாராவது சொல்வாங்களா? அம்மா ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லக் கூடாது?" என்றாள் மனைவியின் அண்ணி. மச்சானின் மனைவி.

"எந்த ஊருக்கு?" என்று கேட்டான்.

அவள் உள்ளே போய்விட்டாள்.

கேட்டைத் திறந்துகொண்டு ஒரு நடுவயதுப் பெண் வந்தாள். அவனைப் பார்த்ததும் தானாகவே எட்டி நின்றாள். மருந்துக்கடை வைத்திருப்பவள். மனைவியிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவள். கடைசியாக மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

"சார், ஒண்ணு சொல்லணும். போலீஸ்ல சொன்னப்போ சரியா சொல்ல வரல."

"சொல்லுங்க."

"நான் பிரேக் போடல சார்."

அவன் பார்த்தான்.

"ஸ்கூல் விடுற நேரம். புள்ளைங்க ரோட்டைக் கடக்குது. நான் பதறிப்போய் ஆக்சிலேட்டர்ல கால வச்சுட்டேன். எப்பவும் பண்ற தப்பு. ஆனா வண்டி நின்னுருச்சு. டீச்சர் பக்கத்துல ஒரு பிரேக் இருக்குல்ல, அதுல. நல்லா அழுத்தி. என்ஜினே ஆஃப் ஆயிருச்சு." மூக்கை உறிஞ்சப் போனவள், அவனைப் பார்த்துவிட்டு முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தேன் சார். இப்ப திட்டு விழும்னு. விழல. கோவத்துல பேசாம இருக்காங்கன்னு நெனச்சேன். அவங்க கோவத்துல பேசாம இருக்குற ஆளே இல்லைன்னு அப்பதான் தோணுச்சு. திரும்பிப் பார்த்தேன். மூச்சு இல்ல."

"பிள்ளைங்க?"

"ஒண்ணும் ஆகல. பாத்துட்டே கடந்து போயிருச்சுங்க."

அவன் தலையாட்டினான். அவள் போகவில்லை. காலால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த வாரம் எனக்கு லைசென்ஸ் டெஸ்ட் சார். போகவா, வேண்டாமா?"

"போங்க. ஃபெயில் ஆகிட்டு மட்டும் வராதீங்க. அவளுக்குப் பிடிக்காது."

பையில் போன் அதிர்ந்தது. வார்டு சிஸ்டர்.

"லேப்ல இருந்து செல் வந்துருச்சு. டெஸ்ட் எல்லாம் சுத்தம். உறைஞ்ச நிலையில பக்கத்து ரூம்ல வச்சிருக்கோம். ஆனா முதலாளி தொட விடமாட்டேங்கிறா. லைனை முஷ்டிக்குள்ள பிடிச்சுட்டு உக்காந்திருக்கா. அப்பா வந்தாதான் விடுவேங்கிறா."

லைன் என்பது மகளின் நெஞ்சிலிருந்து வெளியே வரும் மெல்லிய குழாய். அவளுக்குள் போக வேண்டியதெல்லாம் அதன் வழியாகத்தான் போகும்.

"மயக்கம் குடுக்க முடியாதா?"

"இப்ப அவ மூச்சு இருக்குற நிலைமைக்கு டாக்டர் வேண்டாம்ங்கிறார். பலவந்தமா பிடிச்சா லைன் பிடுங்கிக்கும். செல்லை உருக்கிட்டா அரை மணி நேரம்தான் தாங்கும். அதுக்குள்ள ஏத்தணும். திரும்ப உறைய வைக்க முடியாது. நீங்க வந்து நின்னப்புறம்தான் உருக்குவோம். எப்ப வர்றீங்க?"

"இப்பவே வரேன்."

"அங்க இன்னும்..." என்று இழுத்தாள் சிஸ்டர்.

"வரேன்னேன்ல."

ஜன்னலுக்குப் போனான். கம்பியைப் பிடிக்காமல் எட்டி நின்றான். காலையிலிருந்து முதல் தடவையாகக் குரலை உயர்த்தினான்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய வாங்க."

தலைகள் திரும்பின.

"நான் உள்ள வரணும். அவளைப் பார்க்கணும். யாரும் இருக்கக் கூடாது."

மச்சான் எழுந்தான். மனைவியின் அண்ணன். அதற்கு முன்பே கல்லூரியில் அவனுடைய அறைத் தோழன். இந்த வீட்டுக்கு முதன்முதலில் அழைத்துவந்து தங்கையை அறிமுகம் செய்தவனும் அவன்தான்.

"என்னடா பேசுற? துக்கத்துக்கு வந்தவங்கள எந்திரிச்சுப் போகச் சொல்றியா?"

"ஆமா."

"இது என்ன உன் லிஃப்டா, ஆள் ஏத்தி இறக்கிட்டு இருக்குறதுக்கு?"

அவன் லிஃப்ட் கம்பெனியில் பரிசோதனைப் பொறியாளர். வேறொரு நாளில் என்றால் இதற்குச் சிரித்திருப்பான்.

"வெளிய வரச் சொல்லு மச்சான்."

யாரும் அசையவில்லை. உள்ளே யாரோ ஒரு பெண் அழுகையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தாள். அப்போது மூலையிலிருந்து ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. மாமனார். பல மாதமாக நெஞ்சைவிட்டுப் போகாத இருமல் அவருக்கு. அதனாலேயே பேத்தியைக் கிட்டப்போய்ப் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிக் கார் நிறுத்துமிடத்தில் நின்று ஏழாவது மாடிக்குக் கையாட்டிவிட்டு வந்துவிடுவார். எந்த ஜன்னல் என்றுகூடத் தெரியாது. எல்லா ஜன்னலுக்கும் ஆட்டுவார்.

"எந்திரிங்க," என்றார். "பின்வாசல் வழியா போங்க. ஃபேனைப் போட்டு விடு. கதவெல்லாம் திறந்து வை."

"அப்பா, நீங்களுமா?"

"எந்திரிடா."

எழுந்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். மாமனார் கடைசியாகப் போனார். வாயைக் கைக்குட்டையால் பொத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தார். பின்வாசலைத் தாண்டித் தோட்டத்தில் வெகுதூரம் போன பிறகுதான் அவருடைய இருமல் கேட்டது.

அவன் உள்ளே போனான்.

மின்விசிறி காற்றில் அவள் மேல் போர்த்தியிருந்த துணியின் ஓரம் எழுந்து எழுந்து விழுந்தது. தலையைப் படிய வாரி நடு வகிடு எடுத்திருந்தார்கள். பவுடர் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடப் போட்டோவுக்கு உட்காரவைத்த மாதிரி இருந்தாள். இரண்டையும் அவள் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். கலைத்துவிட வேண்டும் போலிருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

காலடியில் நின்றான். பிரேக்கை அழுத்திய வலது பாதத்தைப் பார்த்தான். பார்ப்பதற்கு மற்றப் பாதம் போலவே இருந்தது.

தொட்டிருக்கலாம். அவளிடமிருந்து இனி எதுவும் தொற்றாது. ஆனால் காலையிலிருந்து எத்தனையோ பேர் அவள் நெற்றியையும் கன்னத்தையும் கால்களையும் தடவி, முகத்தின் மேல் குனிந்து அழுதிருந்தார்கள்.

"கிளம்புறேன்," என்றான். "உன் பொண்ணு லைனைப் பிடிச்சுட்டு விடமாட்டேங்கிறாளாம்."

பின்னால் கட்டிய கைகளைப் பிரிக்காமலே வெளியே வந்தான்.

கேட்டின் நடுவில் மச்சான் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் சவ ஊர்தி வந்து நின்றிருந்தது. ஓட்டுநர் இறங்காமல் கண்ணாடியில் இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க போற?"

"ஆஸ்பத்திரி."

"இன்னும் ஒரு மணி நேரத்துல எடுக்கப் போறோம். முடிச்சுட்டுப் போ."

"முடியாது. உள்ள போக குளிச்சு, மாத்தி, அதுவே நேரம் ஆகும்."

"நாளைக்கு ஏத்தச் சொல்லு. ஒரு நாள் தள்ளிப் போட முடியாதா?"

"இதைத் தள்ளிப் போடு," என்று வீட்டைக் காட்டினான்.

மச்சானின் தாடை இறுகியது. "புருஷன் இல்லாம என் தங்கச்சிய அனுப்பணுமா? பாக்குறவன் என்ன சொல்வான்?"

"பாக்குறவனா வந்து என் பொண்ணுக்குச் செல் ஏத்தப் போறான்?"

"அது வேலை செய்யும்னு எழுதிக் குடுத்திருக்காங்களா உனக்கு? நாளைக்கு அதுவும் ஒண்ணும் ஆகலைன்னா? இங்கயும் இல்லாம, அங்கயும்..." நிறுத்திக்கொண்டான்.

"எழுதிக் குடுக்கல. ஆனாலும் போறேன்."

"டேய்." மச்சானின் குரல் உடைந்தது. கைகள் தானாக முன்னால் வந்தன. கல்லூரி நாட்களிலிருந்து ஆயிரம் தடவை தோளில் விழுந்த கைகள். "டேய், ஒரு நிமிஷம் வாடா..."

"தள்ளி நில்லு மச்சான்."

"நான்டா."

"தெரியுது. தள்ளி நில்லு. உனக்கு மூக்கு ஒழுகுது."

"அழுகுறேன்டா நாயே!"

"எதுவா இருந்தாலும் தள்ளி நில்லு."

தெருவே கேட்டது. மச்சான் புறங்கையால் மூக்கைத் துடைத்தான். துடைத்த கையைப் பார்த்தான். பிறகு ஓரடி பின்னால் வைத்தான். இன்னும் ஓரடி. சவ ஊர்தியின் பக்கவாட்டில் முதுகு முட்டும்வரை போனான். ஒரு ஆள் யார் மேலும் உரசாமல் போகிற அளவுக்கு வழி கிடைத்தது.

அவன் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவான் என்று அவனுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் லிஃப்டுக்கு வரிசை நின்றது. அதைத் தாண்டி மாடிப்படியில் ஏறினான். இந்தக் கட்டடத்தின் லிஃப்டுகளைப் பரிசோதித்து, நன்றாக இருக்கின்றன என்று கையெழுத்துப் போட்டவனே அவன்தான். ஏழு மாடியும் ஏறினான். மூச்சு வாங்கியது. முகக்கவசம் வாயோடு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

குளித்தான். வார்டு உடையை மாட்டினான். போனை வெளியே பெட்டியில் வைத்தான். வார்டு சிஸ்டர் கதவருகே காத்திருந்தாள். காலையில் அவன் மூக்கில் எடுத்த சளிப் பரிசோதனையின் முடிவு அவளிடம் வந்திருந்தது. சுத்தம். ஆனாலும் கேட்டாள்.

"யாராவது தொட்டாங்களா?"

"இல்ல."

"நீங்க யாரையாவது தொட்டீங்களா?"

"இல்ல."

"யாரையுமா?"

"யாரையும்."

அவள் அவன் கண்களைப் பார்த்தாள். அடுத்து கேட்க வந்ததை விட்டுவிட்டாள். கதவைத் திறந்தாள். "உருக்கச் சொல்லு," என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

மகள் கட்டிலின் தலைமாட்டில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மொட்டைத் தலை. வீங்கிய முகம். இரண்டு கையாலும் லைனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. எவ்வளவு நேரமாக அப்படிப் பிடித்திருந்தாளோ. டாக்டரும் ஒரு நர்சும் எட்டி நின்றிருந்தார்கள். அவள் அவர்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"லேட்டு," என்றாள் அப்பாவிடம்.

"ஆமா."

"அம்மாவைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எப்படி இருந்தாங்க?"

அவன் யோசித்தான். "தலை வாரி விட்டிருந்தாங்க. நடு வகிடு."

"அம்மா திட்டுவாங்க."

"ம்."

பக்கத்தில் உட்கார்ந்தான். அவளைக் கையை எடுக்கச் சொல்லவில்லை. அவளும் எடுக்கவில்லை.

"இது அம்மாவோடதுன்னு சிஸ்டர் சொல்றாங்க."

"ஆமா."

"அம்மாதான் செத்துட்டாங்களே. அப்ப இதுவும் செத்திருக்கும்ல."

டாக்டர் வாயைத் திறந்தார். அவன் தலையசைத்துத் தடுத்தான்.

"குடுத்தப்போ அம்மா உயிரோட இருந்தாங்க. அதுக்கப்புறம் இது தனியா ஆய்வகத்துல இருந்துச்சு. இதுக்கு ஒண்ணும் ஆகல. இருக்கு."

"அதுக்குத் தெரியுமா, அம்மா இல்லைன்னு?"

"தெரியாது. அதுக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியும். உன் வைரஸைத் தெரியும். முன்னாடியே அதோட சண்டை போட்டிருக்கு."

"யாரு ஜெயிச்சது?"

"அம்மா."

மகள் குழாயைப் பார்த்தாள். "என்னையும் திட்டுமா?"

அவன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் நேர்மையானவர். "சில சமயம் வந்த செல் ஆள் தெரியாம உன்னையே திட்டிரும், முதலாளி. தோல் சிவக்கும், வயிறு கெடும். அதுக்காகத்தான் நாங்க தினமும் வந்து பார்ப்போம். திட்டினா அடக்க மருந்து இருக்கு."

"அம்மாவை அடக்க முடியாது," என்றாள் மகள்.

நர்ஸ் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டாள்.

"எனக்கு சரியாயிருமா?"

"தெரியாது," என்றான் அவன். "சில பேருக்கு ஆகியிருக்கு. சில பேருக்கு ஆகல. நம்ம ஏத்திப் பார்ப்போம்."

அவள் அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். இரண்டு நாளுக்கு முன்னால் போனை வைத்துவிட்டு அவன் அந்த வார்த்தையைச் சொன்னபோதும் இப்படித்தான் பார்த்தாள். பிறகு முஷ்டியைத் திறந்தாள். விரல்கள் ஒவ்வொன்றாகத்தான் பிரிந்தன. உள்ளங்கையில் குழாயின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

டாக்டர் கொண்டுவந்தது ஒரு ஊசிக்குழல். அதன் அடியில் கலங்கிய தண்ணீர் மாதிரி கொஞ்சம்.

"இவ்ளோதானா?" என்றாள் மகள்.

"இவ்ளோதான்."

"அடிச்சு நொறுக்க வர்றாங்கன்னு சொன்னாங்க. இவ்ளோண்டு இருக்கு."

"இதுக்குள்ள லட்சக்கணக்குல இருக்கு, முதலாளி."

"எண்ணிப் பார்த்தீங்களா?"

"நிஜமாவே எண்ணித்தான் குடுக்குறோம்," என்றார் டாக்டர். லைனின் முனையைத் துடைத்து, ஊசிக்குழலைப் பொருத்தி, மெதுவாக அழுத்தினார். நர்ஸ் திரையில் ஓடும் எண்களைப் பார்த்தாள். அறையில் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் இருந்தது. அவனுடைய போன் வெளியே பெட்டிக்குள் கிடந்தது. மச்சான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடாமலும் இருந்திருக்கலாம்.

குழல் காலியானது. இன்னொரு குழலில் உப்புத் தண்ணீர் எடுத்துக் குழாயைக் கழுவி உள்ளே தள்ளினார். ஒரு சொட்டும் மிச்சம் வைக்கவில்லை.

மகள் இருமினாள். முகத்தைச் சுளித்தாள். நாக்கை வெளியே நீட்டினாள்.

"சீ! வாயெல்லாம் பூண்டு நாத்தம்."

"செல்லைக் கெடாம உறைய வைக்கிற மருந்து அது," என்றாள் நர்ஸ். "மூச்சு வழியா வெளிய வரும். நாளைக்குப் போயிரும். மிட்டாய் தரவா?"

"வேண்டாம்." மகள் அவன் பக்கம் திரும்பினாள். "அப்பா, உனக்கு வருதா?"

முகக்கவசத்துக்குள் அவனுக்கு ஒன்றும் வரவில்லை.

"இல்ல."

"கிட்ட வா."

அவன் குனிந்தான். போதாது என்று அவன் காதுகள் இரண்டையும் பிடித்துத் தன் முகத்தருகே இழுத்துக்கொண்டாள். கன்னம் உப்ப மூச்சை நிரப்பி, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி, அவன் முகத்தில் ஊதினாள்.

"இப்ப?"

அவன் முகத்தைத் திருப்பவில்லை.

"இன்னொரு தடவை ஊது," என்றான்.